தந்தியும் தயக்கமும்

நுழையும்முன்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது தமிழர் நாவில் பழகிய பழமொழி. மரக்கிளைக்கு அது பொருந்தும். மனிதரின் கைக்கும் செவிக்கும் பொருந்துமா? நாற்பது வயதைக் கடந்தபின் வயலின் பயிலத் தொடங்கும் ஒருவரின் முயற்சியையும், அக்கருவி நம் நாட்டுக்கு வந்த வரலாற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது. இதில் வரும் தாயும் மகனும் ஆசிரியரும் கற்பனை மாந்தர். வரலாற்றுச் செய்திகள் உண்மையானவை.

ஆற்றங்கரை ஊர்

அகத்தியர் மலைப்பகுதியில் தோன்றும் கரமனையாறு, திருவனந்தபுரம் நகரைத் தொட்டுக்கொண்டு கடலை நோக்கிச் செல்கிறது. ஆற்றின் பெயரையே தாங்கிய ஊர் கரமனை. நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூர்ப் பாலத்தின் வழியே செல்கிறது. இங்குள்ள அக்கிரகாரத் தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. கடைப்பலகையில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், அடுக்களையில் தமிழ் என்பது அவ்வீடுகளின் இயல்பு.

கரமனைக்கு இசைப்பெருமையும் உண்டு. பத்தியும் எளிமையும் நிறைந்த தமிழ்க் கீர்த்தனைகளை இயற்றிய நீலகண்ட சிவன் (1839–1900) இவ்வூரில் வாழ்ந்தவர். சிறுவயதில் திருவனந்தபுரத்துக்கு வந்த பாபநாசம் சிவன் (1890–1973), நீலகண்ட சிவனின் பாடல்களில் ஈடுபாடு கொண்டார். பின்னாளில் தாமும் தமிழ்க் கீர்த்தனைகள் பல இயற்றிப் புகழ்பெற்றார்.

இத்தகைய ஊரில் ஒரு தாய் வாழ்ந்து வந்தார். வயது 43. அலுவலகப் பணி, எட்டாம் வகுப்பில் பயிலும் ஒரு மகன். சிறுமியாக இருந்தபோது அண்ணனுக்கு வீட்டில் வயலின் கற்பித்தார்கள். அவருக்குப் பாட்டு மட்டும் போதும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அண்ணன் வாசிப்பதைக் கதவோரம் நின்று கேட்டு அவர் வளர்ந்தார். அண்ணன் வேலை தேடி மும்பைக்குச் சென்றபின் வயலின் பெட்டி அலமாரியின்மேல் ஏறியது. ஆண்டுகள் பல கழிந்தன. ஒருநாள் வீட்டைத் தூய்மை செய்தபோது அவர் அப்பெட்டியை இறக்கித் தூசி தட்டித் திறந்தார். தந்திகள் இரண்டு அறுந்திருந்தன. மறுநாள் மாலை, இரண்டு தெருக்கள் தள்ளி வாழும் முதிய வயலின் ஆசிரியரின் வீட்டுத் திண்ணையில் பெட்டியுடன் நின்றார்.

"பையனைச் சேர்க்க வந்தாயா அம்மா?" என்று ஆசிரியர் கேட்டார்.

"இல்லை சார். நான்தான் கற்றுக்கொள்ள வேண்டும்."

ஆசிரியர் சிரிக்கவில்லை. "உட்கார். இந்தக் கருவியே நம் நாட்டுக்குப் பிந்தி வந்ததுதான்" என்றார்.

கடல் கடந்து வந்த கருவி

ஆசிரியர் கூறியது உண்மையே. வயலின் 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் உருப்பெற்றது. கிரெமோனா நகரில் அந்திரேயா அமாத்தியின் குடும்பத்தாரும், பின்னர் அந்தோனியோ ஸ்திராதிவாரியும் (இறப்பு 1737) செய்த வயலின்கள் இன்றும் உலகெங்கும் போற்றப்படுகின்றன. ஐரோப்பியர்களின் வருகையோடு இக்கருவி தென்னிந்தியாவை அடைந்தது. இங்குள்ளோர் இதைப் 'பிடில்' என்று அழைத்தனர்.

கருநாடக இசையில் வயலினைப் புகுத்திய முன்னோடிகளுள் முதன்மையானவர் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). இவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் இவர்தம் குடும்பம் வாழ்ந்தபோது, ஆங்கிலேயரின் இசைக்குழு வாசிப்பைக் கேட்கும் வாய்ப்பு அமைந்தது. குடும்பத்தை ஆதரித்த மணலி முதலியாரின் உதவியுடன், பாலுசுவாமி ஓர் ஐரோப்பிய ஆசிரியரிடம் மூன்று ஆண்டுகள் வயலின் பயின்றார். இசைக்குடும்பத்தில் பிறந்து, பிற இசைப்பயிற்சிகளைப் பெற்றிருந்த அவர், அன்னியக் கருவியின்முன் மீண்டும் தொடக்க மாணவராக அமர்ந்தார். பின்னர் அக்கருவியில் நம் இராகங்களை வாசித்தார். எட்டயபுரம் அரசவைக் கலைஞராகவும் விளங்கினார்.

திருவனந்தபுரத்துக்கும் இவ்வரலாற்றில் சிறப்பிடம் உண்டு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தோர் தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்றவர்கள். அவர்களுள் இளையவரான வடிவேலு (பிறப்பு 1810), திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையை அணிசெய்தார். ஆடற்கலை ஆசானாகவும் பாடகராகவும் திகழ்ந்த அவர் வயலினிலும் தேர்ச்சி பெற்றார். அவருடைய திறமையைப் பாராட்டி, 1834-ஆம் ஆண்டில் மன்னர் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். கரமனையிலிருந்து சிறிது தொலைவிலுள்ள கோட்டைப் பகுதியில், சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகை இன்றும் நிற்கிறது.

வெளியிலிருந்து வந்த கருவி, நூறாண்டுகளுக்குள் கச்சேரி மேடையின் பிரிக்கமுடியாத துணையாயிற்று. அதன் வடிவம் மாறவில்லை; அதைப் பிடிக்கும் முறையும் சுருதி சேர்க்கும் முறையும் மாறின. மேலைநாட்டார் நின்றும் நாற்காலியில் அமர்ந்தும் வாசிக்க, நம்மவர் தரையில் சப்பணமிட்டு அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலக்கணுக்காலின்மீது சார்த்தி வாசிக்கின்றனர். கருவியைத் தாங்கும் சுமை குறைவதால் இடக்கை தந்தியின்மேல் தடையின்றி வழுக்கிச் செல்லும். கமகம் எனப்படும் அசைவுகளுக்கு இது பெரிதும் துணைசெய்கிறது.

கருவியின் இயல்பு

வயலினுக்கு நான்கு தந்திகள். அவற்றைத் தாங்கி நிற்கும் மெல்லிய மரத்துண்டு 'குதிரை' எனப்படும். தந்திகளை முறுக்கித் தளர்த்தும் முளைகள் 'பிரடை' எனப்படும். கருநாடக இசையில் நான்காம் தந்தி மந்தர சட்சமமாகவும், மூன்றாம் தந்தி மந்தர பஞ்சமமாகவும், இரண்டாம் தந்தி மத்திய சட்சமமாகவும், முதல் தந்தி மத்திய பஞ்சமமாகவும் சுருதி சேர்க்கப்படும்.

வில்லில் கட்டப்பட்டிருப்பது குதிரைமயிர். அதன்மீது ரோசின் என்னும் மரப்பிசின் தேய்க்கப்படும். பிசின் ஏறிய மயிர் தந்தியைப் பற்றி இழுக்கிறது; தந்தி வழுக்கித் திரும்புகிறது; மீண்டும் பற்றப்படுகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இவ்வாறு நிகழ்வதால் ஒலி பிறக்கிறது. வில்லை மிகுதியாக அழுத்தினால் கரகரப்பு எழும். அழுத்தம் குறைந்தால் ஒலி காற்றாய்க் கரையும். வில் வளைந்து சென்றால் கிறீச்சிடும். புதிதாகப் பயில்வோரின் கருவி அழுவதற்குக் காரணம் இதுவே.

வீணையில் மெட்டுகள் உண்டு. விரல் வைக்கவேண்டிய இடத்தை அவை காட்டும். வயலினில் மெட்டுகள் இல்லை. தந்தியின் ஒலிக்கும் நீளம் ஏறத்தாழ 32.5 சென்டிமீட்டர். அதில் முதல் அரைச்சுர இடைவெளி இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. விரல் மூன்று மில்லிமீட்டர் விலகினாலும் சுரம் பிசகியதைப் பழகிய செவி உணர்ந்துவிடும். ஆகவே வயலினில் கைக்கு வழிகாட்டி செவி மட்டுமே.

முதல் பாடம்

முதல் இரண்டு வாரங்கள் ஆசிரியர் தாயின் இடக்கைக்கு எந்த வேலையும் தரவில்லை. தம்பூராவின் ஒலியைக் கேட்டுக்கொண்டே, விரல் வைக்காத தந்திகளின்மேல் வில்லை அடிமுதல் நுனிவரை மெல்ல இழுக்கச் செய்தார். அதன்பின் மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசையைத் தொடங்கினார்.

கருநாடக இசையைத் தொடங்குவோருக்கு இந்த இராகத்தைக் கற்பிப்பது வழக்கம். புரந்தரதாசர் (1484–1564) வகுத்த முறை என்று இதைப் போற்றுவர். வயலின் பயில்வோருக்கு இதில் தனி நன்மை ஒன்று உண்டு. சட்சமத்தை அடுத்து ரிடபம் நெருங்கி நிற்கிறது; காந்தாரம் விலகி நிற்கிறது; காந்தாரத்தை மத்திமம் நெருங்கி நிற்கிறது. பஞ்சமம், தைவதம், நிடாதம், மேல் சட்சமம் ஆகியவையும் இதே இடைவெளிகளில் அமைகின்றன. எனவே, இரண்டாம் தந்தியில் ச, ரி, க, ம என்று விரல்கள் பழகிய அதே அமைப்பு, முதல் தந்தியில் ப, த, நி, ச என்று அப்படியே பயன்படுகிறது. ஒரு தந்தியில் உழைத்த உழைப்பு மறு தந்தியிலும் பலன் தருகிறது.

"ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். ஆனால் ஒருநாளும் விடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் வாசித்து மற்ற நாள்களை ஈடுகட்ட முடியாது" என்றார் ஆசிரியர்.

செவி முந்தியது, கை பிந்தியது

தாய்க்கு உண்மையான இடர்ப்பாடு விரலில் இல்லை. சிறுவயது முதல் கோவிலிலும் வீட்டிலும் நல்லிசையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். காந்தாரம் எவ்வாறு ஒலிக்கவேண்டும் என்பதைச் செவி அறிந்திருந்தது, கை அறியவில்லை. ஐந்து வயதுக் குழந்தை பிசகாக வாசித்தாலும் மகிழ்ந்து வாசிக்கும். வளர்ந்தவரோ தம் பிழையைத் தாமே கேட்டுக் கூசுவார். அலுவலகத்தில் பிறருக்கு வழிகாட்டும் ஒருவர், ஒற்றைச் சுரத்தின்முன் திணறும்போது உள்ளம் சுருங்குகிறது.

ஒரு மாலை அவர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது மகன் அறையிலிருந்து வெளியே வந்தான்.

"அம்மா, கொஞ்சம் நிறுத்தேன். நண்பன் தொலைபேசியில் இருக்கிறான். அங்கே என்ன சத்தம் என்று கேட்கிறான்."

தாய் ஒன்றும் சொல்லவில்லை. வில்லின் திருகைத் தளர்த்தினார். வயலினைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அடுத்த பதினொரு நாள்கள் அப்பெட்டி திறக்கப்படவில்லை. ஆசிரியரின் வீட்டுக்கும் அவர் செல்லவில்லை. வேலை மிகுதி என்று தமக்குத் தாமே கூறிக்கொண்டார்.

காலம் கடந்துவிட்டதா?

இளமையில் தொடங்குவோர்க்குச் சில நன்மைகள் உண்டு என்பதை மறுக்க இயலாது. தாமஸ் எல்பர்ட் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. வயலின் முதலிய தந்திக் கருவிகளை வாசிப்போரின் மூளையில், இடக்கை விரல்களின் உணர்வுக்குரிய பகுதி மற்றவர்களைவிட விரிந்து செயல்படுவதை அவர்கள் கண்டனர். இளவயதில் பயிற்சியைத் தொடங்கியவர்களிடம் அவ்விரிவு மிகுதியாக இருந்தது.

இதனால் வளர்ந்தவர் கற்கவே முடியாது என்று கொள்ளலாகாது. வளர்ந்தோரின் மூளையும் பயிற்சிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஏன் பிசகியது என்று ஆராய்ந்து, அந்த ஓரிடத்தை மட்டும் பத்துமுறை நிதானமாக வாசிக்கும் பொறுமை வளர்ந்தவர்க்கு எளிதில் வாய்க்கும். கேட்டுப் பழகிய பாடல்களும் துணைநிற்கும். அவர்கள் இழப்பது பெரும்பாலும் திறமையால் அன்று. தயக்கத்தால் பயிற்சியை இடையில் விட்டுவிடுவதால்தான்.

மூடிய கதவு

பன்னிரண்டாம் நாள் மாலை, மகனின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது. தமிழ்ப் பாடத்தை அவன் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். 'மழை' என்னும் சொல்லை மூன்றுமுறை சொல்லிப் பார்த்தான். முந்தைய விடுமுறையில் நாகர்கோவிலுக்குச் சென்றபோது, அவன் தமிழ் படித்ததைக் கேட்டு உறவினர் வீட்டுப் பிள்ளைகள் சிரித்தது தாய்க்கு நினைவுக்கு வந்தது. அன்றுமுதல் அவன் பிறர்முன் தமிழ் படிப்பதில்லை.

தாய் கதவைத் தட்டினார். "ஏன் சாத்திக்கொண்டு படிக்கிறாய்? திறந்து வைத்துப் படி. எனக்கும் கேட்கட்டும்."

"தப்புத் தப்பாய் வரும் அம்மா."

"வரட்டுமே."

மகன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நீ மட்டும் பெட்டியைத் திறக்கவே இல்லையே" என்றான்.

தாய்க்கு விடை கிடைக்கவில்லை. கூடத்துக்குச் சென்று பெட்டியைத் திறந்தார். சுருதி இறங்கியிருந்த தந்திகளைப் பிரடை திருகிச் சரிசெய்தார். வில்லை முறுக்கி ரோசின் தேய்த்தார். அன்று அவர் இருபது நிமிடங்கள் வாசித்தார். கதவைத் திறந்துவைத்து மகன் ஒரு பக்கம் படித்தான். இரண்டிலும் பிழைகள் இருந்தன. அண்டை வீட்டார் கேட்டிருக்கவும் கூடும்.

மறுநாள் தாய் ஆசிரியரின் வீட்டுக்குச் சென்றார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. "சட்சமம் இழு" என்று மட்டும் சொன்னார்.

ஓராண்டுக்குப் பின்

ஓராண்டு கழிந்தது. தாய் மேடை ஏறவில்லை. அவ்வெண்ணமும் அவருக்கு இல்லை. சரளி வரிசை, சண்டை வரிசை, அலங்காரம் ஆகியவற்றைக் கடந்து கீதங்களை வாசிக்கத் தொடங்கியிருந்தார். முதல் இரண்டு காலங்களில் கை தடையின்றிச் சென்றது. மூன்றாம் காலத்தில் இன்னும் தடுமாறியது.

ஒருநாள் மாலை அவர் வாசித்துக்கொண்டிருந்தார். மகன் மறுபுறம் அமர்ந்து தமிழ்ப் பயிற்சி எழுதிக்கொண்டிருந்தான். எழுதுகோலை நிறுத்தாமலே, "அம்மா, அந்தக் காந்தாரம் கொஞ்சம் கீழே இருக்கிறது" என்றான்.

தாய் வியந்து அவனைப் பார்த்தார். அவனுக்கு எவரும் இசை கற்பிக்கவில்லை. நாள்தோறும் அவர் செய்த பிழைகளையும் திருத்தங்களையும் கேட்டே அவன் செவி பழகியிருந்தது. அவர் விரலைச் சற்றே முன்நகர்த்தினார். சுரம் தன் இடத்தில் அமர்ந்தது.

பிறகு அவனுடைய ஏட்டை எட்டிப் பார்த்து, "பழம் என்பதற்குச் சிறப்பு ழகரம். நீ எழுதியிருப்பது பள்ளம் என்பதில் வரும் ளகரம்" என்றார்.

மகன் அழித்து மீண்டும் எழுதினான்.

சொற்பொருள்

தந்தி – இசைக்கருவியின் கம்பி
பிரடை – தந்தியை முறுக்கும் முளை
சட்சமம் – ஏழு சுரங்களுள் முதலாவது (ச)
மந்தரம் – தாழ்ந்த ஒலிநிலை
கமகம் – சுரத்தை அசைத்து ஒலிக்கும் முறை
சரளி வரிசை – இசைப்பயிற்சியின் தொடக்கப் பாடம்
சண்டை வரிசை – இரட்டைச் சுரங்களால் அமைந்த பயிற்சி. ஜண்டை வரிசை எனவும் வழங்கும்
கூசுதல் – நாணித் தயங்குதல்

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகப் பெற்றவர் ________.
(பாலுசுவாமி தீட்சிதர், வடிவேலு, நீலகண்ட சிவன்)
2. கருநாடக இசை முறையில் வயலினின் இரண்டாம் தந்தி ________ ஆகச் சுருதி சேர்க்கப்படும்.
(மத்திய பஞ்சமம், மந்தர பஞ்சமம், மத்திய சட்சமம்)

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வயலின் வாசிப்பவருக்குச் செவியே வழிகாட்டி எனக் கூறுவது ஏன்?
2. தரையில் அமர்ந்து வயலின் வாசிப்பதன் பயன் யாது?
3. பதினொரு நாள்கள் பெட்டி திறக்கப்படாததற்குத் தாய் தமக்குக் கூறிக்கொண்ட காரணம் யாது? உண்மைக் காரணம் யாது?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. வயலின் பயில்வோருக்கு மாயாமாளவகௌளை இராகம் எவ்வாறு துணைசெய்கிறது?
2. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்னும் பழமொழியை நீ ஏற்கிறாயா? பாடச் செய்திகளைக்கொண்டு விளக்குக.

ஈ. ஒரு சொல், பல பொருள்
பின்வரும் சொற்கள் ஒவ்வொன்றையும் இரு வேறு பொருளில் அமைத்துத் தொடர் எழுதுக.
குதிரை, வில், தந்தி

உ. உரக்கப் படித்து ஒலிப்பு வேறுபாட்டை அறிக.
பழம் – பள்ளம் – பல்லி
வாழை – வாளை – வாலை

ஊ. செயல்பாடு
உன் வீட்டிலோ அண்டையிலோ, வளர்ந்தபின் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட ஒருவரைச் சந்தித்து உரையாடுக. மிதிவண்டி, நீச்சல், கணினி, மலையாளம் என எதுவாகவும் அது இருக்கலாம். முதல் நாள் அவர் எங்கே தயங்கினார், எது அவரைத் தொடரச் செய்தது என்பதைக் கேட்டறிந்து, பத்துத் தொடர்களில் தமிழில் எழுதி வகுப்பில் கதவைத் திறந்துவைத்துப் படித்துக் காட்டுக.